நினைவில் இல்லாத எட்டுச் சுற்றுகள்

யதுசா மகேந்திரராஜா தொழில்முறை ஓட்டுநராக முதலாவதாக வந்த ஓட்டம் ஒன்றே ஒன்றுதான். அதன் கடைசி எட்டுச் சுற்றுகள் அவளுக்கு நினைவில் இல்லை.

நாற்பத்திரண்டாவது சுற்று வரை தெரியும். ஹெல்மெட்டுக்குள் வரும் தண்ணீர்க் குழாயை உறிஞ்சினாள். வெறும் காற்று வந்தது. இடது பாதத்தில் எஞ்சின் சூடு தாங்க முடியாமல் இருந்தது. அதற்கு அடுத்ததாக அவள் கண்டது ஒரு வெள்ளைக் கூரை. கூரையில் பொருத்தியிருந்த புகை எச்சரிக்கைக் கருவியில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் விளக்கு என்று நினைத்து வலது காலைத் தூக்கப் பார்த்தாள். கால் போர்வைக்குள் இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் அப்பா மகேந்திரராஜாவும் தம்பி கிருஷாந்தும் நின்றார்கள்.

“நீ வெண்டிட்டாய், பிள்ளை,” என்றார் அப்பா. அதைச் சொன்ன முகத்தில் சந்தோஷம் இல்லை.

எத்தனை சுற்று மிச்சம் கிடக்கிறது என்று அவள் கேட்டாள். ஓட்டம் முடிந்து நான்கு மணித்தியாலம் ஆகிவிட்டது என்று கிருஷாந் சொன்னான். சற்று நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அன்று மாலைக்குள் பதினொரு தடவை கேட்டதாக அவன் பிறகு சொன்னான். பன்னிரண்டாவது தடவை கேள்வி மாறியது.

“டோர்பன் எங்கை?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். கிருஷாந்தான் சொன்னான்: “காலும் இடுப்பும் உடைஞ்சு போச்சு, அக்கா. உயிருக்குப் பயமில்லை எண்டு சொல்லீனம்.”

“என்னண்டு?”

“நீ இடிச்சனி.”

இது 2022 செப்டம்பரில் நடந்தது. யதுசாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

அவள் பீலெஃபெல்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குச் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மா நேசமலருக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். பதினாறு வயதில் பள்ளியை முடித்தவள், கார் திருத்தும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யப் போகிறேன் என்றாள். வீட்டில் இரண்டு கிழமை யாரும் சரியாகக் கதைக்கவில்லை. மூன்றரை வருடப் பயிற்சி முடியும் தறுவாயில், கூட வேலை செய்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்ஸ்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலுக்கு அவளைக் கூட்டிப் போனார்கள்.

ஜெர்மனியின் வடக்கே ஊர்ப்புறங்களில் ஸ்டாக் கார் ஓட்டம் என்றால் அதுதான். பழைய கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய் பொருத்தி, மண்ணில் வெட்டிய வட்டப் பாதையில் விடுவார்கள். இடிப்பது அங்கே தவறில்லை. முன்னால் போகிறவனை இடித்துத் திருப்பிவிட்டால் புள்ளி தருவார்கள். யதுசா மூன்றாவது தடவை போனபோது தானே ஓட்டினாள். விவசாய இயந்திரங்கள் திருத்தும் டோர்பன் ஹின்றிக்ஸ் என்பவன் அவளுடைய ஓப்பல் காரை இடித்து மண் அணையில் ஏற்றினான். அடுத்த ஓட்டத்தில் அவள் அவனை ஏற்றினாள். அன்றிலிருந்து சிநேகிதர்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் நசுங்கிய காருக்குப் பக்கத்தில் அவள் நிற்கும் படம் வந்ததைப் பார்த்த அப்பா, விபத்துச் செய்தி என்று நினைத்து வேலைத்தலத்திலிருந்து அழுதுகொண்டே தொலைபேசி எடுத்தார்.

இதே பெயரில் இன்னொரு ஓட்டம் உண்டு. அமெரிக்க மாதிரி. இரும்புச் சட்டகம், எட்டு சிலிண்டர் எஞ்சின், ஓட்டுநருக்கு உதவுகிற மின்னணுக் கருவி ஒன்றுகூட இல்லாத பாரமான கார்கள் தார்ப் பாதையில் ஓடும். அங்கே வேண்டுமென்று இடிப்பது குற்றம். அதில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் உண்டு. டோர்பன் முதலில் அங்கே போனான். 2019இல் அவனுடைய அணியில் இரண்டாவது காருக்கு ஆள் இல்லாமல் போனபோது, அணியின் சொந்தக்காரியான வெஸ்லிங் என்ற பெண்மணியிடம் யதுசாவின் பெயரைச் சொன்னதும் அவன்தான். மழை பெய்த ஒரு ஏப்ரல் நாளில் ஓட்டிக் காட்டினாள். இரண்டு வருடத்தில் கராஜ் வேலையை விட்டுவிட்டு முழு ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். வரிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ஓட்டப்பந்தய ஓட்டுநர்’ என்று எழுதினாள். இது தொழிலா, பொழுதுபோக்கா என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அம்மா அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, அதைத்தான் தானும் கேட்கிறேன் என்றார்.

அவளுக்கு ஸ்பாட்டராக வந்தது கிருஷாந். ஹெல்மெட்டும் பக்கங்களை அடைத்த இருக்கையும் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்னால் மட்டும்தான் தெரியும். பார்வையாளர் மாடத்தின் கூரையில் ஒருவர் நின்று, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற அணிகள் அலைவரிசையைப் பிடித்து ஒட்டுக் கேட்பது வழக்கம் என்பதால் அக்காவும் தம்பியும் தமிழில் கதைத்தார்கள். “உள்ளுக்கை ஒருத்தன்,” “வெளியிலை ஒருத்தன்,” “ஒருத்தரும் இல்லை.” இவ்வளவுதான் தேவைப்பட்ட தமிழ். ஒன்பதாவது, ஏழாவது, நான்காவது என்று வந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை இரண்டாவது. அப்போதும் முதலாவதாக வந்தவன் டோர்பன்.

அந்தச் செப்டம்பர் ஓட்டத்தில் நடந்ததை அவளும் எல்லோரையும் போலக் காணொளியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நாடு கிழக்கே முடிகிற இடத்தில் ஒரு நீள்வட்டப் பாதை, ஐம்பது சுற்று. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் டோர்பன் முன்னால் போகிறான். அவள் ஒட்டினாற்போலப் பின்னால். வளைவுக்குள் நுழையும்போது அவளுடைய காரின் மூக்கு அவனுடைய பின்பக்க இடது மூலையைத் தொடுகிறது. அவன் சுழன்று வெளிச்சுவரில் ஓட்டுநர் பக்கமாக மோதுகிறான். அவளுடைய கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே முடிவுக் கோட்டைக் கடக்கிறது. முதலாவது. அதே வேகத்தில் உட்சுவரில் மோதி நிற்கிறது. ஹெல்மெட் ஒரு தடவை இடப்பக்கம் சாய்கிறது. அறிவிப்பாளர் அவளுடைய பெயரைக் கத்திக்கொண்டிருக்கிறார்.

காரில் இருப்பது அவள்தான். கையுறை அவளுடையது. ஆனாலும் வேறு யாரோ தன்னைப்போல் உடுத்திக்கொண்டு ஓட்டியதைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று கிருஷாந்திடம் சொன்னாள்.

அந்தக் கிழமை அவளுக்கு வந்த செய்திகளை எப்படிப் பிரிப்பது என்றே தெரியவில்லை. பீலெஃபெல்டில் தமிழர் சங்கம் ஒன்று மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்துவதற்கு நாள் கேட்டது. அழைப்பிதழில் அவளுடைய படத்தை வைத்து ‘வெற்றி மங்கை’ என்று அச்சடித்தும்விட்டார்கள். அதே நாளில் டோர்பனின் ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், ஒரு மனிதனை நொண்டியாக்கிவிட்டுக் கிண்ணம் வாங்கப் போகிறாயா என்று எழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தாள். இரண்டுமே தன்னைப் பற்றியவை என்று நம்ப முடியவில்லை. விழாவைத் தள்ளி வைக்கச் சொன்னாள். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நேராகக் கேட்டது அம்மா ஒருத்திதான். நேசமலர் மகளின் ஓட்டம் எதையும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் தேவாலயத்தில் இருப்பார். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் அமர்ந்தார்.

“ஏன் பிள்ளை அவனை இடிச்சனி?”

“தெரியாது, அம்மா.”

“உனக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்?”

யதுசா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மா கோபப்படவில்லை. விளங்காமல்தான் கேட்டார். மகளுக்கும் அதே விளங்காமைதான்.

காரில் இருந்த பதிவுக் கருவி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. அதன்படி நாற்பத்தொன்பது சுற்றிலும் அந்த வளைவுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரே இடத்தில் யதுசா அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறாள். ஐம்பதாவது சுற்றில் மட்டும் பதினொரு மீற்றர் பிந்தி எடுத்திருக்கிறாள். அந்த வேகத்தில் பதினொரு மீற்றர் என்பது கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. டோர்பன் வழக்கமான இடத்தில்தான் வேகத்தைக் குறைத்திருந்தான். அந்தப் பதினொரு மீற்றரில் தான் என்ன நினைத்தாள் என்று அவள் தேடிப் பார்த்தாள். முந்திவிடலாம் என்று நம்பினாளா? அவன் இடம் விடுவான் என்றா? இடிப்பதென்று முடிவு செய்தாளா? எதை நினைத்துப் பார்த்தாலும் நடந்ததுபோல் இருந்தது. எதுவுமே நடந்ததுபோலவும் இல்லை. மூளையதிர்ச்சியில் போன நினைவு பெரும்பாலும் திரும்பாது என்றும், திரும்பினாலும் காணொளியில் பார்த்ததா உண்மையா என்று பிரித்தறிய முடியாமல் போகலாம் என்றும் வைத்தியர் சொன்னார். அதன் பிறகு காணொளி பார்ப்பதை நிறுத்தினாள். அதற்குள் நூறு தடவைக்கு மேல் பார்த்திருந்தாள்.

ஓட்டப்பந்தயச் சம்மேளனத்தின் விசாரணை நவம்பரில் பிராங்பேர்ட்டில் நடந்தது. அதற்கு முதல் நாள் வெஸ்லிங் தொலைபேசியில், டயர் பிடி விட்டுவிட்டது என்று சொல், பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் யதுசாவைக் குழப்பியது. டயர் பிடி விட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திராது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். வானொலிப் பதிவை மொழிபெயர்க்க மியூனிக்கிலிருந்து வசுந்தரா என்பவரை அழைத்திருந்தார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்தவர், கணினி நிறுவனமொன்றில் வேலை, கூடவே சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். பதிவைப் போட்டார்கள். எஞ்சின் இரைச்சலுக்குள் கிருஷாந்தின் குரல்: “கிட்ட வந்திட்டாய். விடாதை, அக்கா, விடாதை.” பிறகு யதுசாவின் குரல்: “ஓம்.” அதன் பிறகு இரும்புச் சத்தம்.

‘அவனை விட்டுவிடாதே’ என்று வசுந்தரா எழுதிக் கொடுத்திருந்தார். ஜெர்மனில் அது வேட்டைக்காரன் நாயிடம் சொல்வதுபோல் கேட்டது. ‘அவனை’ என்ற சொல் பதிவில் இல்லையே என்று கிருஷாந் எழுந்து சொன்னான். அப்படியானால் எதை விடக் கூடாது என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார். அக்சிலரேட்டரையா, டோர்பனையா, முயற்சியையா?

வசுந்தரா குரலைத் தாழ்த்தி அவனிடம் தமிழில் கேட்டார்: “ஜெர்மன்ல எதைன்னு சொல்லாம வாக்கியம் முடியாதுங்க. நீங்க என்ன மீன் பண்ணீங்க?”

“எனக்குத் தெரியேல்லை. சும்மா வாயிலை வந்தது,” என்றான் கிருஷாந். “ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான் சொல்லுறனான்.”

அவர் அதை மொழிபெயர்த்தார். அதிகாரி யதுசாவின் பக்கம் திரும்பி, தம்பி சொன்னதை எப்படி விளங்கிக்கொண்டு ஓம் என்றாய் என்று கேட்டார். வயல் ஓட்டங்களில் இடித்துப் பழகியவள் என்பதும் அவருடைய தாள்களில் இருந்தது. வெஸ்லிங் பின்வரிசையில் தொண்டையைச் செருமினார். யதுசா எழுந்து, தனக்குத் தெரியாது என்று ஜெர்மனில் சொன்னாள். இடிக்க நினைத்திருக்க மாட்டாயா என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றாள். மாட்டேன் என்று சொல்ல ஆசையாக இருந்தது, ஆனால் அந்தக் காரில் இருந்தவளை எனக்குத் தெரியாது என்று பிற்பாடு தம்பியிடம் சொன்னாள்.

தவிர்த்திருக்கக்கூடிய மோதல், நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. வெற்றி ரத்து. ஆறு ஓட்டங்களுக்குத் தடை. வெஸ்லிங் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் மட்டும் மண்டபத்தில் இன்னமும் இடம் இருக்கிறது என்றார்கள்.

டோர்பனை அவள் ஜனவரியில்தான் பார்த்தாள். புனர்வாழ்வு மருத்துவமனைக்கு முதல் தடவை போனபோது அவன் பார்க்க மறுத்துவிட்டான். இரண்டாவது தடவை அவனே வரச் சொன்னான். ஊன்றுகோலோடு உணவுச்சாலைக்கு வந்து உட்கார்ந்து, அங்கே கொடுக்கிற உருளைக்கிழங்கு எவ்வளவு மோசம் என்பதைப் பற்றி நீண்ட நேரம் பேசினான். பிறகு கேட்டான்:

“என்மேல் கோபமாக இருந்தாயா?”

“எதற்கு?”

“ஓட்டத்துக்கு முன்னால் லொறிக்குப் பின்னால் வைத்து உனக்குச் சொன்னேனே.”

என்ன சொன்னான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நடிக்கிறாளா என்று பார்த்திருக்கலாம்.

“அடுத்த வருடம் அணிக்கு ஒரு கார்தான், அது எனக்கு என்று சொன்னேன். வெஸ்லிங் சொல்வதற்கு முதல் நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“சரி என்றாய். கையுறையைப் போட்டாய்.”

நாற்பத்திரண்டாவது சுற்று வரை எல்லாம் நினைவிருக்கிறது என்றுதான் அவள் அதுவரை நம்பியிருந்தாள். லொறி நினைவிருந்தது. அதன் நிழலில் நின்று வாழைப்பழம் சாப்பிட்டது நினைவிருந்தது. அந்த நினைவில் டோர்பன் இல்லை. அவன் பொய் சொல்வதற்குக் காரணமும் இல்லை. இதை விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் உன்னை ஒரேயடியாக முடித்திருப்பார்கள் என்றான்.

வீடு திரும்பும் ரயிலில் பிரயாணம் முழுவதும் அதையே யோசித்தாள். கிருஷாந் அந்த நேரத்தில் கூரைக்கு ஏறிவிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. வெஸ்லிங்கிடம் கேட்டபோது, ஒரு காரா இரண்டா என்று அப்போது முடிவாகவே இல்லை என்றார். அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து, டோர்பன் சொன்னதை அப்படியே எழுதி, எனக்கு இது நினைவில்லை, ஆனால் நீங்கள் அறிந்திருக்க வேண்டியது என்று விசாரணை அதிகாரிகளுக்கு அனுப்பினாள். கோப்பு மூடப்பட்டுவிட்டது, தகவலுக்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. டோர்பனுக்கும் பிரதி போயிருந்தது. உனக்குச் சொன்னதை நீ ஊருக்குச் சொல்வாயா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். ஒரு வருடத்துக்கு மேல் அவன் பேசவில்லை. செய்தது நேர்மையா துரோகமா என்று அவள் கிருஷாந்திடம் கேட்டாள். இரண்டும் என்றுதான் நினைக்கிறேன் என்றான் அவன்.

2024இல் ஒல்லாந்து அணியொன்று அவளை எடுத்தது. நல்ல மனிதர்கள், பழையதைக் கேட்கவில்லை. முதல் சோதனை நாளிலேயே அவர்களுடைய பொறியாளர் பதிவுக் கருவியின் கோடுகளைத் திரையில் காட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அவள் முன்கூட்டியே காலை எடுத்துக்கொண்டிருந்தாள். பாதையில் வேறு காரே இல்லை. யாருக்கு இடம் விடுகிறாய் என்று கேட்டார். அவளுக்குத் தான் விடுவதே தெரியவில்லை. சரியான இடத்தில்தான் எடுத்ததாக நினைத்திருந்தாள். அந்தப் பருவம் முழுவதும் ஒருவரையும் தொடவில்லை. பதினான்காவது, பதினாறாவது என்று முடித்தாள். ஒக்டோபரில், அவர்கள் போகச் சொல்வதற்கு முன் தானே விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது பீலெஃபெல்டுக்கு வெளியே பிரேக் பரிசோதிக்கும் நிறுவனம் ஒன்றில் சோதனை ஓட்டுநர்.

டோர்பன் 2025 பெப்ரவரியில் அழைத்தான். நலம் விசாரிக்கவில்லை. தான் மறுபடி ஓட்டப் போவதாகவும், இடது காலை முழுவதும் மடக்க ஏலாது ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது என்றும் சொன்னான். பிறகு, எனக்கு ஸ்பாட்டராக வா என்றான்.

“என்னை ஏன் கேட்கிறாய்?” என்று கேட்டாள்.

“மற்றவர்கள் எல்லாம் பார்க்காமலே பக்கத்தில் ஆளில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்,” என்றான் அவன்.

அது மன்னிப்பா, தண்டனையா, வெறும் வேலைக்கான அழைப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை. கிருஷாந் போகாதே என்றான். அம்மா போ என்றார். அந்தப் பெடியனிடம் உனக்குக் கடமை இருக்கிறது என்றார். அப்பா வானொலிக்குப் புது மின்கலம் வாங்கி வந்தார்.

மே மாதத்து முதல் ஓட்டத்தில் கூரையில் இருபது ஸ்பாட்டர்களுக்கு நடுவில் அவள் நின்றாள். மேலிருந்து பார்க்கும்போது கார்கள் மெதுவாகப் போவதுபோல் இருந்தது. உள்ளே இருக்கும்போது அவ்வளவு அவசரமாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும் மேலே நேரம் இருந்தது. முப்பத்தாறாவது சுற்றில் ஒரு காரின் எஞ்சின் வெடித்து வெள்ளைப் புகை பாதையை மூடியது. டோர்பன் அதற்குள் போனான். உள்பக்கத்தில் ஆளா என்று வானொலியில் கேட்டான். பக்கத்தில் நின்ற ஸ்பாட்டர்கள் எல்லோரும் தங்கள் ஓட்டுநர்களிடம், ஒருவரும் இல்லை, போ, போ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். யதுசாவுக்குப் புகை மட்டும்தான் தெரிந்தது.

“தெரியவில்லை,” என்றாள்.

டோர்பன் காலை எடுத்தான். மூன்று பேர் அவனைக் கடந்து போனார்கள். புகை விலகியபோது உள்பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அவன் ஒன்பதாவதாக வந்தான்.

கீழே இறங்கிப் போனபோது அவன் காரை விட்டு இறங்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். மூன்று இடம் போனதற்கு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். டயரில் காற்று கூடிப்போயிற்று என்றும் அடுத்த தடவை குறைக்க வேண்டும் என்றும் சொன்னான். லொறிக்குப் பின்னால் உண்மையிலேயே அப்படிச் சொன்னாயா என்று இன்னொரு தடவை கேட்க நினைத்தாள். அதற்குள் டயர்க்காரர் வந்துவிட்டார்.

அந்த வருடம் முழுவதும் அவள் கூரையில் நின்றாள். டிசம்பரில் அவளுடைய ஓட்டப்பந்தய உரிமம் காலாவதியாக இருந்தது. புதுப்பிக்கும் படிவம் மேசையில் மூன்று கிழமை கிடந்தது. கடைசி நாளுக்கு முதல் நாள் வைத்தியரிடம் நேரம் எடுத்துப் பரிசோதித்து, கையெழுத்து வாங்கி அனுப்பினாள். இனி ஓட்டவே போவதில்லை என்றாயே, பிறகு எதற்கு அனுப்பினாய் என்று கிருஷாந் கேட்டான்.

“எனக்கும் விளங்கேல்லை,” என்றாள். “இருக்கட்டும்.”

உரிமம் ஜனவரியில் தபாலில் வந்தது. படத்தில் அவள் சற்று இடப்பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.